செட்டைக் காணோம்

பல் வரிசையாக அமைந்தவர்களுக்குச் சிரிப்பு தானாக வந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு அப்படியில்லை. சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் துப்பட்டாவை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், தலையை லேசாகக் குனிய வேண்டும், மேலுதட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த ஏற்பாடெல்லாம் முடிவதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்து அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். (கல்லூரியில் எனக்கு 'டியூப்லைட்' என்று பெயர். ஜோக் எனக்கும் அப்போதே புரிந்துவிடும். வாய்தான் தாமதம்.)

என் மேல் வரிசையில் இரண்டு பற்கள் மற்றவற்றின் தோள்மேல் ஏறி நின்று வெளியே எட்டிப் பார்க்கும். கீழ் வரிசை, தீபாவளிக்கு முந்தின நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். இரண்டு வரிசையும் முன்பக்கத்தில் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது. நூலைக் கடித்து அறுக்கச் சொன்னால் என்னால் முடியாது. பரோட்டாவைக் கடித்தால் அது அப்படியே இருக்கும், பல் பட்ட அடையாளம் மட்டும் விழும். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்டி" என்று ஆறுதல் சொல்வார்கள். சொன்னவர்கள் யாருக்கும் தெத்துப்பல் கிடையாது.

படிப்பு முடிந்து ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், அப்பாவிடம் பாதிப் பணம் வாங்கிக் கிளிப் போட்டுக்கொண்டது. திருச்சியிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை பெரம்பலூருக்கு வரும் பல் டாக்டர் அவர். மெதுவாகப் பேசுவார், கம்பியை மட்டும் பலமாக முறுக்குவார். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த மூன்று நாள் நான் ரசம்சாதம் மட்டும் சாப்பிடுவேன், யாரோடும் பேசமாட்டேன். அம்மா அந்த நாட்களை மிகவும் விரும்பினாள் என்று பிற்பாடு தெரிந்தது.

முறுக்கு, கரும்பு, கொய்யா எல்லாவற்றையும் துறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். அக்கா கயலுக்கு அரியலூரில் மாப்பிள்ளை அமைந்து கல்யாணத் தேதி குறித்தபோது, டாக்டரிடம் போய் ஏறக்குறைய அழுதேன். கல்யாணத்துக்கு முன்னால் கம்பியைக் கழற்றினார். கண்ணாடியைக் காட்டினார். உள்ளே இருந்தது வேறு யாரோ. நல்ல பெண்ணாகத் தெரிந்தாள்.

அப்புறம் டாக்டர் ஒரு சாமானை எடுத்துக் கையில் கொடுத்தார். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிற பிளாஸ்டிக், முன்னால் ஒரு வளைந்த கம்பி. மாட்டலாம், கழற்றலாம். ரிடெய்னர் என்றார்.

"கம்பியக் கழட்டுனதும் பல்லு சும்மா இருக்காதும்மா. பழைய எடத்துக்கே போகப் பாக்கும். இத மாட்டி வச்சாத்தான் அடங்கி இருக்கும். சாப்பிடறப்ப மட்டும் கழட்டு. கழட்டுனா நேரா டப்பாவுல போடு. டிஷ்யூ பேப்பர்ல மட்டும் சுத்தி வச்சிடாத. என்கிட்ட தொலைச்சிட்டு வர்றவங்க பாதிப்பேரு அப்படித்தான் தொலைக்கிறாங்க."

அந்தப் பாதியில் நான் சேரமாட்டேன் என்று உறுதியாக நம்பினேன்.

எங்கள் அம்மாவுக்கு ரிடெய்னர் என்ற சொல் வாயில் நுழையவில்லை. அவளுக்கு அது 'செட்டு'. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "செட்டு மாட்டிட்டியாடி?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள்.

கல்யாணம் அரியலூரில் ஒரு மண்டபத்தில். அன்றைக்கு நான் கட்டியிருந்தது மாம்பழக் கலர் பட்டு. அதற்குப் பொருத்தமாக உள்ளங்கை அளவில் ஒரு மணிபர்ஸ். ரிடெய்னர் டப்பாவோ கிளிப்பச்சை நிறத்தில், சின்ன டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. பர்ஸில் அடங்கவில்லை, கையில் பிடித்தாலும் புடவைக்கு ஒத்துவரவில்லை. டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். (பெரிய முடிவுகளை நான் இப்படித்தான் எடுப்பேன்.)

தாலி கட்டி முடிந்து, இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஜமால் மாமா. லப்பைக்குடிக்காட்டுக்காரர், அப்பாவின் வெங்காய மண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கடை வைத்திருந்தவர். துபாய்க்குப் போய்ப் பல வருஷம் ஆகியும், ஊருக்கு வந்தால் முதல் டீயை அப்பாவோடுதான் குடிப்பார். அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குத் திருச்சியிலிருந்து பிளைட். பெட்டிகளைக் காரில் ஏற்றி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

"மாஷா அல்லாஹ்! பல்லு ஜோரா வந்துருச்சே பாப்பா. இனிமே கைய வச்சி மறைக்காம சிரி" என்றார்.

நான் கையை வைத்து மறைக்காமல் சிரித்தேன். பிறகு முந்தானையால் மறைத்துக்கொண்டு ரிடெய்னரைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் அழகாகச் சுற்றி, டம்ளர் பக்கத்தில் வைத்தேன். டாக்டரின் முகம் ஒரு கணம் மனதில் வந்துபோனது. அதற்குள் இலையில் அப்பளம் விழுந்துவிட்டது. முன்பல்லால் கடித்தேன். 'கறுக்' என்று ஒரு சத்தம். என் வாழ்க்கையில் என் வாயிலிருந்து வந்த முதல் 'கறுக்' அது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு அப்பளம் கேட்டு வாங்கினேன்.

பாயசம் பாதியில் இருக்கும்போது போட்டோகிராபரின் ஆள் ஓடி வந்தார். "பொண்ணோட தங்கச்சி யாருங்க? பேமிலி போட்டோவுக்கு எல்லாரும் நிக்கிறாங்க."

இந்த ஒரு போட்டோவுக்காகத்தான் நான் இரண்டு வருஷம் ரசம்சாதம் சாப்பிட்டேன். எழுந்தேன், கை கழுவினேன், ஓடினேன். மேடையில் நின்று சிரித்த சிரிப்பில் கடைவாய்ப் பல்வரை தெரிந்திருக்க வேண்டும். போட்டோகிராபர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "மேடம், கொஞ்சம் கம்மியா சிரிங்க" என்றார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

போட்டோ முடிந்ததும், மதியம் வரும் விருந்தாளிகளுக்காகப் புடவை மாற்ற அக்கா மணமகள் அறைக்குப் போனாள். நான் மேடையிலிருந்து இறங்கும்போது நாக்கு அண்ணத்தில் போய் இடித்தது. அங்கே இருக்க வேண்டியது இல்லை.

பந்தி நடக்கும் இடத்துக்கு ஓடினேன். என் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். மேஜையில் புதுப் பேப்பர், புது இலை. இலை எடுத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன்.

"டிஷ்யூவா? அதெல்லாம் பேப்பரோட சேத்து சுருட்டிப் பின்னாடி கொட்டியாச்சும்மா" என்றார்.

மேடைக்குப் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் காதருகே குனிந்தேன். "அம்மா, செட்டக் காணோம்."

"அய்யய்யோ! செட்டக் காணோமா?"

எங்கள் அம்மா ரகசியம் பேசினால் மண்டியிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும். இது ரகசியம்கூட இல்லை. நெஞ்சில் கையை வைத்து நாற்காலியில் சாய்ந்தாள். "பின்னாடி போயி தேடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நான் ஓடிவிட்டேன். அங்கேதான் தப்பு.

அடுத்து நடந்ததைப் பலபேர் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் அத்தை அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, "என்னாங்க சம்பந்தி, எந்த செட்டு?" என்று கேட்டிருக்கிறார்.

"எல்லாம் சின்னவகிட்ட இருந்ததுதாங்க. பத்திரமா வச்சிக்கடி, வச்சிக்கடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். சாப்புட்ட எடத்துல வச்சிட்டு வந்துட்டா. அவங்கப்பா பாடுபட்டு வாங்கிக் குடுத்தது" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை கணக்குப் போட்டார். புடவை மாற்றப் போன கல்யாணப் பெண், கழுத்தில் கிடந்த நெக்லஸ் செட்டைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்திருக்கிறாள். தங்கை அதை இலைக்குப் பக்கத்தில் வைத்துத் தொலைத்துவிட்டாள். கணக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் சரியாக வந்தது. "பொண்ணுக்குத் தெரிய வேணாம், பாவம்" என்று ஒரு தீர்மானமும் போட்டு, அத்தை நேராக மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் போனார். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஒரு கேஸும் அமையவில்லை.

நான் மண்டபத்தின் பின்பக்கம் இலைக் குவியலை ஒருமுறை சுற்றிவந்து, தைரியம் பற்றாமல் உள்ளே திரும்பியபோது, வாசல் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. நாதஸ்வரம் நின்றுபோயிருந்தது. ஏட்டுப் பெரியப்பா கையில் மைக்.

"யாரும் பதட்டப்பட வேணாம். ஒரு பொருள் காணாமப் போயிருக்கு. கெடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

பாடாலூரிலிருந்து வேனில் வந்த கூட்டம் கேட்டருகே நின்று சத்தம் போட்டது. பக்கத்தில் ஒரு அம்மாள் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "பொண்ணோட நெக்லஸ் செட்டு போயிருச்சாம். தங்கச்சிக்காரிதான் தொலைச்சாளாம்."

தங்கச்சிக்காரி நான்தான். நெக்லஸை நான் எப்போது வாங்கினேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆனாலும் தொலைத்திருப்பேன் என்று நம்பினேன். அன்றைக்கு என்மேல் எனக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன். "அம்மா, அக்காவோட செட்டும் போயிருச்சாமே!"

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் முகத்தில் கவலையைவிட ஒரு பூரிப்புத்தான் தெரிந்தது. "அக்காவோடதா? உளறாத. உன் செட்டுக்குத்தான்டி தேடுறாங்க. ஒரு பல்லு கிளிப்புக்காக கேட்டையே பூட்டிட்டாங்க பாரு. எவ்ளோ நல்ல மனுசங்க! கயலு குடுத்து வச்சவடி."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. இவ்வளவு பேர் முன்னால் போய் 'அது என் பல்லு' என்று சொல்வதைவிட நெக்லஸைத் தொலைத்தவள் என்ற பெயர் கொஞ்சம் கௌரவமாகக்கூட இருக்கும்.

அந்த நேரத்தில் கேட் பக்கம் பார்த்தேன். ஜமால் மாமா ஏட்டுப் பெரியப்பாவிடம் கும்பிடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், பிளைட்டுக்கு நேரமாச்சுங்க. இப்ப கெளம்புனாத்தான் திருச்சி போயிச் சேர முடியும்."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். "இவரு மட்டும் ஏன் இப்படி அவசரப்படுறாரு?"

இன்னொரு குரல், "பொண்ணு தங்கச்சிக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு" என்றது.

ஏட்டுப் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க பாய். பைய மட்டும் ஒருவாட்டி பாத்துட்டு விட்டுடறேன்."

அப்பா அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "அவரு பையத் தொறக்கறதுக்கு முன்னாடி என் பையத் தொறங்க. என் சட்டையக் கழட்டிப் பாருங்க."

"அட, வுடு செல்வராசு. பாத்துக்கட்டும். கல்யாண வூட்டுல எதுக்குச் சத்தம்" என்று ஜமால் மாமா சிரித்தபடியே கைப்பையைத் தரையில் வைத்தார். சிரித்தாரே தவிர, அவர் கண் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஏட்டுப் பெரியப்பாவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் கேளுங்க! நகை எதுவும் காணாமப் போகல! அக்கா நகை அக்காகிட்டதான் இருக்கு. காணாமப் போனது என் பல்லு!"

ஒலிபெருக்கி தெருவிலும் கட்டியிருந்ததால், வெளியே போன ஒரு பைக்கும் நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் அக்கறையாகக் கேட்டார். "எந்தப் பல்லும்மா?"

நான் விளக்கம் சொன்னேன். பல்லுக்குக் கிளிப் போட்டதிலிருந்து, தெத்துப்பல், ரோஸ் நிற பிளாஸ்டிக், டப்பா புடவைக்கு ஒத்துவராதது வரைக்கும் எல்லாவற்றையும் மைக்கிலேயே சொன்னேன். (இவ்வளவு விவரம் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பதட்டத்தில் நிறுத்தத் தெரியவில்லை.) பாடாலூர் வேன்காரர்கள் பக்கம்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. அங்கிருந்து வரிசை வரிசையாக மேடைவரை வந்தது. புடவை மாற்றிக்கொண்டிருந்த அக்கா என்னமோ ஏதோவென்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் கையில் நெக்லஸ் செட் ஜொலித்தது.

கேட்டைத் திறந்தார்கள். ஏட்டுப் பெரியப்பா ஜமால் மாமாவின் பையைத் தானே எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். "மன்னிச்சுடுங்க பாய், பழைய புத்தி" என்றார். ஜமால் மாமா அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். போகும்போது என் தலையில் கைவைத்து, "அழாத பாப்பா. பல்லு எங்க போயிடப் போவுது? கெடைச்சிரும், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஏட்டுப் பெரியப்பா கேஸை மூடுவதாக இல்லை. "காணாமப் போனது காணாமப் போனதுதான். அது தங்கமா இருந்தா என்ன, பல்லா இருந்தா என்ன?" என்று இலைக் குவியலுக்கு எங்களை அழைத்துப் போனார். மாம்பழக் கலர் பட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நான் ஒரு பக்கம், கழுத்தில் மாலையோடு புது மாப்பிள்ளை ஒரு பக்கம். நான் அத்தான் என்று முதன்முதலில் கூப்பிட்டது, "அத்தான், அந்த இலையப் பொரட்டுங்க" என்றுதான். பெரியப்பா ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "கலரு? நீளம்? வேற அடையாளம் ஏதாவது?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் அத்தான், "கெடைச்சிருச்சு!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கையில் பல் செட் இருந்தது. நிஜமான பல் செட். மேல் வரிசை முழுசாக. என்னுடையது இல்லை.

மறுபடி மைக்கில் அறிவிப்பு வந்தது. "ஒரு பல் செட் கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்." உரியவர் வரவில்லை. எப்படி வருவார்? என் கதியைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் துணிச்சல் வரும்? (மதியம் எடுத்த எல்லா போட்டோக்களிலும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார். நான் பெயர் சொல்ல மாட்டேன்.)

என்னுடையது கிடைக்கவே இல்லை. உடம்பெல்லாம் மோர்க்குழம்பு வாசனையோடு பெரம்பலூர் திரும்பினேன்.

மறுநாள் அப்பாவின் போனுக்கு ஜமால் மாமாவிடமிருந்து வீடியோ கால். எடுத்தேன். திரையில் அவர் முகம் இல்லை. ஒரு உள்ளங்கை, அதில் ரோஸ் நிற பிளாஸ்டிக்கும் வளைந்த கம்பியும்.

"பாப்பா, இதுவா பாரு."

"மாமா! இது எப்படி அங்க?"

"நீ போட்டோவுக்கு ஓடுனியா, டிஷ்யூவுல என்னமோ மறந்துட்டுப் போயிட்டியேன்னு எடுத்துப் பைக்குள்ள போட்டேன். பீடான்னு நெனச்சுட்டேன் பாப்பா. நீ மைக்ல பல்லு பல்லுன்னு சொன்னப்பகூட எனக்கு உறைக்கல. நேத்து நைட் சாப்பிட்டுட்டு, பீடா இருக்கேன்னு பிரிச்சு வாய்கிட்ட கொண்டுபோயிட்டேன். யா அல்லாஹ், கம்பி உதட்டுல குத்திருச்சு!"

பின்னால் அவர் அறைக்காரர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு, பேச முடியாமல் சிரித்தார். "அந்தப் பைய கேட்டுகிட்டயே தொறந்திருந்தா என்னா ஆயிருக்கும்?" என்று கேட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. அப்புறம் இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள்.

மாமா அடுத்து ஊருக்கு வரும்வரை பல் பொறுக்காது என்பதால், டாக்டர் வரும் அடுத்த சனிக்கிழமையே அவரிடம் போய் நின்றேன். "டிஷ்யூவா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மறுபடி அளவெடுத்தார். புதியது செய்து வருவதற்குள் மேல் வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பிக்கொண்டது. இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது. மறைத்துச் சிரிக்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது. ஒரு மண்டபத்துக்கே மைக்கில் சொன்ன பிறகு இனி யாரிடம் மறைப்பது?

அக்கா வீட்டு விசேஷங்களில் பந்தி எழும்போதெல்லாம் ஏட்டுப் பெரியப்பா இன்றைக்கும் நடுவில் நின்று, "எழுந்திரிக்கிறவங்க எல்லாரும் வாயத் தொட்டுப் பாத்துக்குங்க" என்று குரல் கொடுக்கிறார். அத்தான் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்வதே, "எங்க மச்சினி இன்னும் பாஸ்போர்ட் எடுக்கல. ஆனா அவ பல்லு துபாய் போயிருக்கு" என்றுதான்.

போன மாதம் அக்கா மகள் மகிழுக்கு முதல் பால்பல் விழுந்தது. கூரைமேல் எறியலாம் வா என்று அம்மா அவளைக் கூப்பிட்டாள். மகிழ் பல்லைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றாள்.

"பின்ன என்னாடி பண்ணப் போற அத?"

"சித்தி பல்லு மாதிரி துபாய் பாத்துட்டு வரட்டும். ஜமால் தாத்தா எப்ப ஊருக்கு வருவாங்க?" என்றாள்.